ஒட்டகத்துக்குப் பெயர் இருந்தது

அருண், போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். மியூசியத்தில் உன்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போடட்டுமா, இல்லை உங்களுக்கும் வயதாகிறதே, நியூஜெர்சிக்கே திரும்பி வந்துவிடட்டுமா என்று உன் இங்கிலீஷில் கேட்டாய். "அப்பாவுக்கு மாத்திரை போடுற டைம்டா, அப்புறம் பேசறேன்" என்று நான் வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் அப்பாவுக்கு எந்த மாத்திரையும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த மனுஷன், "எனக்கு என்ன மாத்திரை?" என்று கேட்டார். பதில் தெரியாமல் நான் போனை வைக்கவில்லை. பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். அதைப் போனில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அதனால்தான் கடிதம். இங்கிலீஷில் எழுதினால் எனக்கு ஆபீஸ் மெயில் மாதிரி வந்துவிடும். நான் செய்த தப்பைக்கூட அது தானாக நடந்துவிட்ட மாதிரி எழுதிவிடுவேன். இருபத்தாறு வருடம் மருந்துக் கம்பெனியில் குப்பை கொட்டியவளுக்கு அந்த வித்தை நன்றாகத் தெரியும். தமிழில் எழுதினால் யார் செய்தது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். நீ ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அழுதுகொண்டே படித்த தமிழுக்கு இது கொஞ்சம் நீளம்தான். மெதுவாகப் படி. வார்த்தை புரியாவிட்டால் அப்பாவைக் கேள், ஆனால் நடுவில் ஒரு பகுதி வரும், அதை மட்டும் யாரையும் கேட்காமல் நீயே படித்துக்கொள்.

முதலில் சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் நாங்கள் மூன்று வாரம் லீவில், நீ இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்க்க வந்தோம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தோம். பார்சிப்பனியில் இருக்கிற சுந்தரம் அங்கிள் தன் ஆபீஸில் உனக்காக ஒரு வேலையைப் பிடித்து வைத்திருந்தார். அவர் அங்கே பெரிய டைரக்டர் என்பது உனக்கே தெரியும். அந்த வேலையின் விவரம் இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து என் ஹேண்ட்பேக்கில் இருந்தது. விமானத்திலும் இருந்தது, இப்போது மியூசியமாக இருக்கிற ஃபிரிமாண்டில் ஜெயிலிலும் இருந்தது, நீ கூட்டிப்போன ஒவ்வொரு பழைய கட்டடத்துக்குள்ளும் என் தோளில் தொங்கிக்கொண்டு வந்தது. நல்ல நேரம் பார்த்து எடுத்து உன் முன்னால் வைக்க வேண்டும் என்று காத்திருந்தேன். நம் ஊர் எடிசனில் கல்யாணம், வளைகாப்பு என்று போகிற இடத்தில் எல்லாம் "அருண் என்ன பண்றான்?" என்று கேட்டால், "ஐ.டி.லதான் இருக்கான், ஆஸ்திரேலியா ப்ராஜெக்ட்" என்று ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அந்தச் சின்ன ஊர் மியூசியத்தில் லேபிள் எழுதுகிறாய் என்பதை ஒரு ஆளிடமும் சொன்னதில்லை. என் வாயில் வரவில்லை.

நம் வீட்டு ஆட்களுக்கு இடம் பார்ப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாததா. அப்பா எக்செல் ஷீட் போடுவார். வாசல் போர்டு முன்னால் நின்று போட்டோ, உள்ளே இருபது நிமிடம், ரெஸ்ட்ரூம், பார்க்கிங் லாட்டில் டிக்கியைத் திறந்து வைத்துப் புளியோதரை, அடுத்த இடம். உனக்குப் பதினொரு வயது இருக்கும்போது வாஷிங்டனுக்குப் போய் ஒரே நாளில் ஐந்து மியூசியத்தை முடித்த வீரர்கள் நாம். அதில் ஒன்றில் நீ ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றவன் நின்றவன்தான். உள்ளே ஒற்றைக் காலுக்கான பழைய ஷூ ஒன்று இருந்தது. யாரோ ஒரு சுரங்கக் கூலிக்காரர் போட்டது. "ஷூ பார்க்கவாடா இவ்ளோ தூரம் டிரைவ் பண்ணி வந்தோம்? வீட்டுல ஷெல்ஃப் நிறைய இருக்கு" என்று சொல்லி அப்பா உன் கையைப் பிடித்து இழுத்தார். இன்னொரு கால் ஷூ எங்கே போச்சு என்று நீ கார் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாய். யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இந்தத் தடவையும் அப்பா ஷீட்டோடுதான் வந்தார். நீ அதைப் பணிவாக வாங்கி, மடித்து, உன் பையில் போட்டுக்கொண்டாய். அதற்குப் பிறகு அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஃபிரிமாண்டிலில் அந்தக் கல் கட்டடத்துக்குள், கைதிகள் படுத்த அறை ஒவ்வொன்றாக மூன்று மணி நேரம் நடக்க வைத்தாய். தங்களை அடைக்கப்போகிற ஜெயிலைக் கைதிகளே கல் உடைத்துக் கட்டினார்கள் என்று நீ சொன்னதும் அப்பா சுவரைத் தடவிப் பார்த்தார். வெளியே வந்த பிறகு, "ஜெயிலுக்குள்ள போனவனை மூணு மணி நேரத்துல விட்டுட்டான், அதுவே பெரிய விஷயம்" என்றார். ஆனால் அன்றைக்கு அவர் போர்டு முன்னால் போட்டோ எடுக்க மறந்துவிட்டார். அதை ஹோட்டலுக்கு வந்த பிறகு நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

மறுநாள் கிழக்கே புறப்பட்டோம். அந்த ஒரு மாநிலத்துக்குள் நம் நியூஜெர்சி நூறு தடவைக்கு மேல் உட்காரும் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. ஏழு மணி நேரம் காரில் உட்கார்ந்த பிறகு நம்பினேன். ரோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய குழாய் கூட வந்துகொண்டே இருந்தது. தங்கம் கிடைத்த இடத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல், கடற்கரைப் பக்கத்து மலையிலிருந்து அத்தனை தூரமும் குழாய் போட்டுக் கொண்டுபோனார்கள் என்றாய். அப்பாவுக்கு அந்தக் குழாயைப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு பம்ப் ஸ்டேஷனிலும் இறங்கவேண்டும் என்றார். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் நாலு நிமிடம் லேட் என்றால் ஸ்டேஷனையே திட்டுகிற மனுஷன், தகரக் கூரை போட்ட ஒரு பழைய பம்ப் ஹவுஸில் ஒன்றரை மணி நேரம் இருந்தார்.

அப்புறம் அந்த ஊரே இல்லாத ஊர். தங்கம் தீர்ந்ததும் ஜனங்கள் வீட்டைக்கூடப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். செம்மண்ணும் புதரும்தான் இருந்தது. இடைக்கிடையே சின்னப் போர்டு, இங்கே ஆஸ்பத்திரி, இங்கே கோர்ட் என்று. நான் பாத்ரூம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். நீ சிரித்துக்கொண்டே, "அம்மா, நீ போஸ்ட் ஆபீஸ் உள்ள நிக்கிற" என்று தமிழிலேயே சொன்னாய். கையைக் காட்டி, இங்கே கவுன்டர், இந்தப் பக்கம் வாசல், இங்கேதான் மாதத்துக்கு ஒரு தடவை கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்க வரிசையில் நின்றார்கள் என்றாய். அப்பா உடனே, "ஒரு ஸ்டாம்ப் குடுங்க சார்" என்று காற்றைப் பார்த்துக் கையை நீட்டினார். உன் அப்பா விளையாடி நான் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது தெரியுமா. நீ பேசிக்கொண்டே போனாய். வெறும் தரையில் நீ தெருவைக் காட்டினாய், எனக்குத் தெரு தெரிந்தது. இந்தப் பிள்ளைக்கு இது எப்போது வந்தது என்று ஆச்சரியப்பட்டேன். கூடவே ஹேண்ட்பேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பேப்பரை எடுக்கும் நேரம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது எனக்கே பிடிக்கவில்லை.

உன் மியூசியத்துக்கு வருகிறேன். பழைய பள்ளிக்கூடக் கட்டடம், மூன்றே அறை. நான் என்னவோ பெரிய மாளிகை என்று நினைத்துவிட்டு, வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். உள்ளே பெவர்லி என்று எண்பது வயதைத் தொடும் அம்மாள், வாரத்துக்கு மூன்று நாள் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர், எங்களுக்கு டீ கொடுத்து, "நீங்கள் முதலில் இரண்டாவது அறைக்குப் போக வேண்டும், உங்கள் மகன் அங்கேதான் எங்களோடு சண்டை போட்டான்" என்றார். போனோம். சுவரில் ஒரு போட்டோ. ஒட்டகம், பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு மனிதர், நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு. கீழே மஞ்சள் பூத்த பழைய டைப் அட்டை. அதில், "சுல்தான் என்ற ஒட்டகமும் அதனுடைய ஆப்கானும்" என்று இங்கிலீஷில் இருந்தது. ஒட்டகத்துக்குப் பெயர் இருந்தது, ஆளுக்கு இல்லை.

அந்தப் பாலைவனத்துக்கு ஒட்டகம் ஓட்ட வந்தவர்கள் கராச்சி, பெஷாவர், பலூசிஸ்தான் என்று பல இடத்துக்காரர்கள், எல்லோருக்கும் சேர்த்து அங்கே ஆப்கான் என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்கள் என்று நீ விளக்கினாய். போட்டோவின் பின்பக்கம் போட்டோக்காரர் பென்சிலால் எழுதிய நம்பர் இருந்தது. அந்தப் போட்டோக்காரரின் வேலை நோட்டுப் புத்தகம் வேறொரு ஊரில், அவர் பேத்தி வீட்டு அலமாரியில் இருப்பதைக் கண்டுபிடித்து, நாலு மாதம் அலைந்து வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறாய். நம்பருக்கு நேரே பெயர் இருந்தது. லால் ஜான். இரண்டு பிரதி. ஒன்று ஊருக்கு அனுப்ப. அதாவது யாரோ வெள்ளைக்காரர் ஒட்டகத்தைப் படம் பிடித்தபோது அவர் குறுக்கே நிற்கவில்லை. அவரே போய்ச் சொல்லி, அவர் ஆசைக்கு எடுத்துக்கொண்ட படம். நான் நன்றாக இருக்கிறேன், பாருங்கள் என்று ஊருக்குக் காட்ட எடுத்த படம். அந்த ஒட்டகம்கூட அவருடையது இல்லை, முதலாளியுடையது என்று நீ சொன்னதும் அப்பா போட்டோவுக்குக் கிட்டே போய்விட்டார்.

அவர் ஏன் அப்படி நின்றார் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அமெரிக்கா வந்த முதல் மாதம் எடிசனில் ஒரு பார்க்கிங் லாட்டில், சிவப்புக் கார் ஒன்றின் மேல் சாய்ந்துகொண்டு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து ஈரோட்டுக்கு அனுப்பினார் உன் அப்பா. அது பக்கத்து அபார்ட்மென்ட்காரன் கார். அவரிடம் அப்போது சைக்கிள்கூடக் கிடையாது, ஆபீஸுக்கு யாரிடமோ ரைடு கேட்டுப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் இங்கே வந்த நம் ஆட்களில் அப்படி ஒரு போட்டோ அனுப்பாதவர் யார். அப்பா, "பாவம், எவ்ளோ டீசன்ட்டா நிக்கிறாரு பாரு" என்று மட்டும் சொன்னார். அப்புறம் தன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

நான் போட்டோவைப் பார்க்கவில்லை அருண். நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய அட்டையை நீ எடுத்துவிடவில்லை. அதன் எழுத்தின் மேல் ஒரே ஒரு நேர்க்கோடு. உள்ளே இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி மெல்லிய கோடு. பக்கத்தில் உன் இனிஷியல், தேதி. காரணம்: பெயர் தெரிந்தது. அதற்குக் கீழே புது அட்டை, "லால் ஜான், ஒட்டக ஓட்டி, ஊருக்கு அனுப்ப எடுத்துக்கொண்ட படம். உடன் இருப்பது சுல்தான்." அது என் கோடு. மருந்துக் கம்பெனியில் நான் இருபத்தாறு வருடம் போட்ட, மற்றவர்களைப் போட வைத்த கோடு. அங்கே ஒரு தாளில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, ஒயிட்னர் பூசக் கூடாது, மேலே கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒற்றைக் கோடு, இனிஷியல், தேதி, காரணம். தப்பும் தெரிய வேண்டும், திருத்தியது யார் என்றும் தெரிய வேண்டும். மருந்து விஷயம், உயிர் விஷயம். அதை நான் வீட்டுக்கும் கொண்டு வந்து உன் ஹோம்வொர்க் மேல் ஏற்றினேன். மூன்றாம் வகுப்பில் உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இவன் ஏன் கணக்கில் தப்பு செய்தால் அழிக்காமல் தேதியும் கையெழுத்தும் போடுகிறான்?" என்று கேட்டார். நீ அன்றைக்குக் காரில் என்னோடு பேசவே இல்லை. நம் வீட்டில் பென்சில் நிறைய இருந்தது, ரப்பர் மட்டும் வாங்கித் தந்ததில்லை.

பழைய அட்டை பெவர்லியின் அம்மா டைப் அடித்ததாம். புதிய அட்டை வைத்தால் அதைக் குப்பையில் போட வேண்டும், அது அம்மாவை அவமானப்படுத்துவதாகும் என்று பெவர்லி அழுதிருக்கிறார். தப்பான அட்டை இருக்கவே கூடாது என்று கமிட்டியில் வேறு சிலர். நீ இரண்டு பக்கமும் வேண்டாம் என்று சொல்லிக் கோடு போட்டிருக்கிறாய். "குப்பையில் போட விடவே இல்லை, இந்தப் பிடிவாதம் இவனுக்கு எங்கிருந்து வந்தது?" என்று பெவர்லி என்னைக் கேட்டார். நீ என் தோளில் கை போட்டு, "இவங்ககிட்ட இருந்துதான்" என்றாய். என் வாழ்க்கையில் எனக்கு எந்த மேடையிலும் மாலை போட்டதில்லை. அன்றைக்குப் போட்ட மாதிரி இருந்தது. அதே மூச்சில், அடுத்த வரியாக, நீ எப்போதும் சொல்லும் அந்த ஜோக்கைச் சொன்னாய். "இவ்வளவு கவனமாக வளர்த்தும் காலேஜ் அப்ளிகேஷனில் ஹிஸ்டரிக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸை கிளிக் பண்ணின முட்டாள் நான், அதனால்தான் இங்கே வந்து சேர இத்தனை வருடம்." பெவர்லி சிரித்தார். அப்பா சிரித்தார். நான் டீ கப்பைக் கழுவப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

இதுதான் நீயே படிக்க வேண்டிய பகுதி. நீ தப்பாக கிளிக் பண்ணவில்லை. உனக்குப் பதினேழு வயது. டைனிங் டேபிளில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "அம்மா, ஒரு தடவை செக் பண்ணிடு, பிராக்டிஸ் முடிஞ்சு வந்து சப்மிட் பண்றேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டப் பயிற்சிக்குப் போனாய். நான் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். அட்ரஸ் சரி, பிறந்த தேதி சரி, கட்டுரை ரொம்ப நன்றாக இருந்தது. என்ன பாடம் படிக்கப்போகிறாய் என்று கேட்கும் மேஜர் என்ற இடத்தில் ஹிஸ்டரி என்று இருந்தது. நான் அதை மாற்றி, கம்ப்யூட்டர் சயின்ஸைத் தேர்ந்தெடுத்து, சப்மிட் பட்டனை அழுத்தினேன். நான்தான், வேறு யாரும் இல்லை. அப்பாவுக்குக்கூட அப்போது தெரியாது. நீ வியர்வையோடு வந்து, பார்த்தியா என்று கேட்டாய். "பார்த்தேன், எல்லாம் சரியா இருந்துச்சு, நானே அனுப்பிட்டேன்" என்றேன். நீ தேங்க்ஸ் சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தாய்.

அட்மிஷன் வந்த அன்றைக்கு ஸ்கிரீனைப் பார்த்துக் குழம்பி நின்றாய். நான் ஹிஸ்டரிதானே போட்டேன் என்று கேட்டாய். "கை தவறியிருக்கும், அந்த லிஸ்ட்ல எல்லாம் பக்கத்துப் பக்கத்துல இருக்கும்ல" என்று நான் சொன்னேன். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது என்று எனக்குத் தெரியும், நான்தானே அந்த லிஸ்டை உருட்டிப் போனேன். அப்புறம் இரண்டு வருடம் நீ உருகிப் போனதைப் பார்த்தேன். போன் குறைந்தது, சாப்பாடு குறைந்தது. ஒருநாள் மதியம் கூப்பிட்டு, முடியவில்லை, ஹிஸ்டரிக்கு மாறப்போகிறேன் என்றாய். அதற்கு ஒரு வருடம் கூடுதலாகப் படிக்க வேண்டியிருந்தது. அப்பா கத்தினார். நீ எங்களிடம் மன்னிப்புக் கேட்டாய், என் கவனக்குறைவால் உங்களுக்குத்தான் கஷ்டம் என்றாய். அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டேன் அருண். அப்ளிகேஷனை மாற்றியதைவிட அதுதான் பெரிய பாவம் என்று இப்போது தோன்றுகிறது. ஆபீஸில் ஒருத்தி ஒயிட்னர் பூசினாள் என்று அவளை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள், என் சொந்தப் பிள்ளை எழுதியதைத் தடமே இல்லாமல் மாற்றிவிட்டு, தப்பை அவன் தலையில் கட்டிவிட்டு, பதினாலு வருடம் அந்த ஜோக்குக்குச் சிரித்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்பாய். பயம்தான். பதினொரு வருடம் கிரீன் கார்டு வரிசையில் நின்றவர்களுக்கு ஹிஸ்டரி என்ற வார்த்தையைப் பார்த்தால் சோறு தெரியாது. அப்பா ஆபீஸில் அந்த மாதம்தான் அவர் பக்கத்து சீட்காரரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். உனக்கு இந்த ஊரில் பிறந்த காகிதம் இருந்தது. அந்தப் பயம் உனக்கு வேண்டாத பயம். அதை நான் உன் தட்டிலும் பரிமாறிவிட்டேன். காரணம் சொல்கிறேனே தவிர, சரி என்று சொல்லவில்லை.

அப்பாவிடம் போன செவ்வாய்க்கிழமை சொன்னேன். டிவியை நிறுத்தினார். "நான் அவனை எவ்ளோ திட்டினேன் அன்னிக்கு" என்றார். பிறகு, "நீயே சொல்லிடு. எழுதி முடிச்சதும் எங்கிட்ட காட்ட வேணாம், அப்படியே அனுப்பிடு" என்றார். இரண்டு நாள் என்னிடம் அளவாகத்தான் பேசினார், எனக்கு அது வேண்டியதுதான். உனக்கும் கோபம் வரும். வரட்டும். ஒரு மாதம் போன் பண்ணாமல் இரு, இரண்டு மாதம் இரு, நான் கேட்கமாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அவசரப்பட்டு மெசேஜ் அனுப்பாதே. உனக்குச் சின்ன வயதிலிருந்தே எங்களைச் சமாதானப்படுத்துகிற பழக்கம் உண்டு, அதை இந்த விஷயத்தில் காட்டாதே.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்துப் போடு. மாதக் கடைசி வரைக்கும்கூட வைத்துக்கொள்ளாதே. எங்களுக்கு வயதாகிறது என்றாய். ஆகத்தான் செய்யும், நீ எடிசனில் இருந்தாலும் ஆகும். பனி தள்ள ஆள் வருகிறான், அப்பாவுக்கு முழங்கால் வலித்தால் பிசியோ இருக்கிறது, எனக்கு எல்லாவற்றுக்கும் மேலாக வாய் இருக்கிறது. எங்களைச் சாக்காக வைத்து உன் வாழ்க்கையை யாரும் இன்னொரு தடவை மாற்ற வேண்டாம், நீயும் மாற்றாதே. எனக்குச் சோகமாக இல்லை என்பதுதான் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. ஜெயித்த மாதிரி இருக்கிறது. நான் ஜெயிக்கவில்லை, நீதான் ஜெயித்தாய். உன் எதிரில் நிற்பது யார் என்றே தெரியாமல் என்னோடு மல்லுக்கட்டி, போக வேண்டிய இடத்துக்கு நீயாகவே போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் தோற்றதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல. நாங்கள் உன் மியூசியத்திலிருந்து கிளம்பும்போது, இரண்டாவது அறையில் அந்தப் போட்டோ முன்னால் நின்ற மூன்று பேர் குடும்பம் ஒன்று, தாங்கள் பாட்டுக்கு வந்த ஜனங்கள், புது அட்டையை வாய்விட்டுப் படித்தார்கள். லால் ஜான், லால் ஜான் என்று அந்தச் சின்னப் பெண் இரண்டு தடவை சொன்னாள். அந்தப் பெயரை நீ எடுத்துக் கொடுத்திருக்காவிட்டால் அவள் வாயில் அது வந்திருக்குமா.

இன்று காலை சுந்தரத்துக்குப் போன் பண்ணினேன். அந்த வேலை வேண்டாம், அருண் வரமாட்டான் என்றேன். "ஆஸ்திரேலியா ப்ராஜெக்ட் எக்ஸ்டெண்ட் ஆயிடுச்சா?" என்றார். "ப்ராஜெக்ட் எல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நான் பொய் சொன்னேன். அவன் ஐ.டி.லயே இல்ல. மியூசியத்துல இருக்கான். பேர் தெரியாம போனவங்களுக்குப் பேர் கண்டுபிடிச்சு எழுதுறான்" என்றேன். லால் ஜான் கதையையும் சொன்னேன். சிவப்புக் காரையும் சொன்னேன், அவரும் ஒன்று அனுப்பியவர்தான். அட, இவ்வளவு படித்துவிட்டு இப்படியா என்று கேட்கப்போகிறார், கேட்கட்டும், பதில் கொடுக்கலாம் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன்.

"எங்க தாத்தாவோட தம்பி ஒருத்தர் பர்மாவுக்குப் போனாரு" என்றார் சுந்தரம். "அங்கயிருந்து ஒரு போட்டோ மட்டும் வந்துச்சு. அதுல நாலு பேர் நிக்கறாங்க. அவர் யாருன்னு எங்க வீட்டுல ஆளுக்கு ஒருத்தரைக் காட்டறாங்க. சாகறவரைக்கும் எங்கப்பா அதைத்தான் கேட்டுட்டிருந்தாரு. அருண்கிட்ட குடுத்தா பார்ப்பானா?"

அவனுக்கு நிறைய வேலை இருக்கும், உடனே முடியாது என்று சொன்னேன். "பரவால்ல, அவன் எப்ப ஃப்ரீயோ அப்ப பார்க்கட்டும், நான் வெயிட் பண்றேன்" என்றார். முப்பது வருடப் பழக்கத்தில் பார்சிப்பனி சுந்தரம் யாருக்காகவும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.